ஏழு வயதுச் சாட்சி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விரும்பிய நாவல் ஒன்றைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். திருகோணமலையில் நாவல் என்றால் த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’யில் தொடங்குவதுதான் முறை. 1895இல் வெளிவந்த அந்த வரலாற்று நாவல் நம் ஊரவர் எழுதியது. அந்தப் பெருமையைச் சொல்லிவிட்டு நான் துப்பறியும் கதைக்குப் போகிறேன். பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்து அவற்றை வாசித்தவர்கள் இந்த மண்டபத்தில் குறைவில்லை.

ஜொனதன் கெலர்மன் அமெரிக்கர். சிறுவர் உளவியலாளராகத் தொழில் பார்த்தவர். அவருடைய ‘வென் த பௌ பிரேக்ஸ்’ 1985இல் வந்தது. அதில் உளமருத்துவர் ஒருவர் கொலை செய்யப்படுகிறார். எதையாவது கண்டிருக்கக்கூடியவள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. பொலிஸ் அதிகாரி மைலோ, உளவியலாளர் அலெக்ஸ் டெலவெயரின் உதவியை நாடுகிறார். இந்த நாயகன் கொலையாளியின் மனதை மந்திரவாதி மாதிரி வாசிப்பவர் அல்லர். பிள்ளையோடு இருந்து பேசுகிறார். அதனால்தான் எனக்கு இந்தக் கதை பிடித்தது. ஆனால் அறிதுயிலில் ஆழ்த்தி அவளுடைய நினைவை வெளியே எடுக்கலாம் என்ற எண்ணம் அதில் வருகிறது. அங்கே எனக்கு உடன்பாடில்லை. நினைவு, அலுமாரியில் பூட்டி வைத்த நகை போன்றதல்ல.

1974இல் எலிசபெத் லொஃப்டஸ் என்ற உளவியலாளர் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கார் விபத்துப் படமொன்றைக் காட்டினார். 50 பேரிடம், கார்கள் ‘முட்டியபோது’ என்ன வேகம் என்று கேட்டார்கள். வேறு 50 பேரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டபோது முதற் குழுவில் 7 பேர் ஓம் என்றார்கள். மற்றதில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! ஒரு சொல் செய்த வேலை அது. அவர்களோ வளர்ந்தவர்கள்.

நம் உட்துறைமுக வீதியில் ஒரு பிள்ளை எதையோ கண்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அம்மா கேட்பார், பிறகு வகுப்பாசிரியை, அதிபர், பொலிஸ், சட்ட வைத்திய அதிகாரி. “அந்த மாமா தானே அடிச்சவர்?” இந்தத் ‘தானே’ இருக்கிறதே, பதிலையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. பெரியவர் கேட்டால் “ஓம் டீச்சர்” என்று சொல்லத்தான் நாம் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம். அடுத்தது, எந்த மாமா? நம் பிள்ளைகளுக்குக் கடைக்காரரும் மாமா, முச்சக்கரவண்டிக்காரரும் மாமா. எழுதுபவர் அதைத் தாய்மாமன் என்று விளங்கிக்கொண்டால் ஒரு குடும்பமே சிதறும். 1987இன் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. ஆனாலும் பிள்ளை தமிழில் சொல்வது வாக்குமூலத்தில் சிங்களத்தில் பதிவானால், அவளுடைய சொல் இன்னொரு கை மாறித்தான் நீதிமன்றம் போகிறது.

உளவியலாளர் பொலிசுக்குச் செய்யக்கூடிய உண்மையான உதவி இங்கேதான் இருக்கிறது. “பிறகு என்ன நடந்தது, சொல்லுங்கோ” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அது பார்ப்பதற்குச் சுலபம், செய்வதற்கு மெத்தக் கடினம். 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளில் பிள்ளையின் ஆரம்ப நேர்காணலை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக வைக்க இடம் தருகிறது. குறுக்கு விசாரணைக்குப் பிள்ளை வரத்தான் வேண்டும். என்றாலும் என்ன கேட்டார்கள், அவள் எந்தச் சொல்லில் பதில் சொன்னாள் என்பதை நீதிபதியே பார்க்கலாம். ஒளிப்பதிவுக்கு முன்பே பத்துப் பேர் ‘தானே’ போட்டுக் கேட்டிருந்தால், அந்தக் கருவி என்ன செய்யும்?

இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் ஆசிரியைகள் அல்லது தாதியர். பிள்ளை முதலில் வருவது உங்களிடம்தான். அவள் சொன்னதை அவளுடைய சொல்லிலேயே, திகதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். துருவிக் கேட்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

நாவலில் கொலையாளி யார் என்று நான் சொல்லவில்லை. வாசிக்கப் போகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள்.