பழைய கம்ப்யூட்டரும் ஓர் அமானிதமே

(உழவர்கரை சிறுவணிகர் சந்திப்பில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





முதலில் நம் தவறைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் நம் அலுவலகத்திலிருந்த நான்கு பழைய கம்ப்யூட்டர்களையும் ஒரு பிரிண்டரையும் காயலான் கடையில் எடைக்குப் போட்டோம். வந்த காசை வரவு எழுதினோம். இடம் காலியானது என்று சந்தோஷப்பட்டோம். அவை எங்கே போகும் என்று கேட்கவில்லை. பிறகுதான் உறைத்தது: உதவி கேட்டு வந்த விதவைகளின் மனுக்களும் ஆதார் நகல்களும் அந்த ஹார்ட் டிஸ்க்குகளில் அப்படியே இருந்தன. நம்மை நம்பித் தந்த அமானிதத்தை எடைபோட்டு விற்றிருக்கிறோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

காயலான் கடைத் தொழிலை நாம் குறை சொல்லவில்லை. காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் அது என்பார்கள். பழையதை வீணாக்காமல் மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவரும் நல்ல தொழில். ஆனால் இரும்பு வேறு, கம்ப்யூட்டர் போர்டு வேறு. போர்டில் செம்பும் துளி தங்கமும் உண்டு. ஈயமும் காட்மியமும் உண்டு. முன்னதை எடுக்கப் போய்ப் பின்னதை மூச்சில் இழுக்கிறார்கள்.

தில்லி சீலம்பூரில் இப்படிப் பிரிக்கும் பெரிய சந்தையே இருக்கிறது. பித்தளைக்குப் பேர்போன முராதாபாத்தில் போர்டுகளை எரித்து, சாம்பலை ராமகங்கை ஆற்றங்கரையில் அலசினார்கள். ஆறும் கெட்டது, அலசியவர் உடம்பும் கெட்டது. இந்த இரண்டு ஊர்களிலும் இந்த வேலையில் இருப்பவர்களில் நிறையப் பேர் நம் சமுதாயத்து ஏழைகள். நமக்கு மிச்சமான சில நூறு ரூபாய், எங்கோ ஒரு பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம்.

2022-ல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. ஆனால் குறைந்தது ஆயிரம் சாதனங்களாவது வைத்திருக்கும் நிறுவனங்களைத்தான் அவை பெரிய நுகர்வோர் என்று தனியாகப் பொறுப்பாக்குகின்றன. நம் ஜவுளிக் கடையையோ டிராவல்ஸையோ யாரும் வந்து கணக்குக் கேட்கப் போவதில்லை. மனசாட்சிதான் கேட்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலாவது, அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மெதுவாக ஓடும் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் கொஞ்சம் கூடுதல் ரேமும் போதும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததும், 'புதுசு வாங்குங்கள்' என்று பலரும் சொன்னார்கள். லினக்ஸ் இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். உங்கள் பில் போடும் மென்பொருள் அதில் ஓடுமா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வாங்கும்போதே பழுது பார்க்க முடிகிற பொருளை வாங்குங்கள். உதிரிபாகம் கிடைக்குமா, பேட்டரி மாற்றலாமா என்று கேளுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் ஒரே பிரிண்டரை வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது, கைமாற்றும் முன் தகவலை அழியுங்கள். டெலிட் செய்தால் போதாது. டிஸ்க்கை முழுவதுமாகத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நான்காவது, இன்வெர்ட்டர், யூபிஎஸ் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். எதையும் குப்பை வண்டியில் போட்டு குருமாம்பேட் கிடங்குக்கு அனுப்பாதீர்கள்.

இனி நம் அலுவலகத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு பழைய கம்ப்யூட்டர், செல்போன்களை வாங்கிக்கொள்வோம். ஓடக்கூடியதைச் சரிசெய்து, படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அதுவும் ஸதகாதான். ஓடாததை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுத்து ரசீது வாங்குவோம். அந்த ரசீது அலுவலகப் பலகையில் இருக்கும். யாரும் வந்து பார்க்கலாம். கூடுதல் காசு கிடைக்காது. முன்பு கிடைத்த காசையும் இழப்போம். அந்த இழப்பு நமக்குச் சம்மதம்.

உளூச் செய்யும் தண்ணீரைக்கூட விரயம் செய்யாதே என்று மதரஸாவில் ஓதிக்கொடுக்கப்பட்டவர்கள் நாம். பரணில் தூசி படிந்து கிடப்பதைப் பற்றியும் நாளை கேட்கப்படுவோம் என்ற நினைப்பு இருக்கட்டும்.