லயத்து வானொலியும் கைப்பேசிப் பாட்டும்

(ஓய்வு பெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சம்பளம் பேசும் மேடையில் பாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நாற்பது ஆண்டுகள் மரம் வெட்டி ஓய்ந்தவருக்கு மாலையில் மிச்சமிருப்பது பாட்டுத்தானே!

ரேடியோ மலாயா 1946-ல் தொடங்கிற்று. பின்னர் அவசரகாலத்தில் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் அரசாங்கம் பொது வானொலிப் பெட்டிகளை வழங்கியது. தன் பிரசாரம் காதில் விழவேண்டும் என்பது அதன் எண்ணம். நம் மக்களோ பிரசாரத்தைப் பொறுத்துக்கொண்டு பாட்டுக்குக் காத்திருந்தார்கள். அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது. லயத்தில் ஒரு வீட்டில் பாடினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். நேயர் விருப்பத்திற்கு அஞ்சலட்டை போட்டுவிட்டு, அறிவிப்பாளர் நம் பெயரோடு தோட்டத்தின் பெயரையும் வாசிக்கும் நாளை எதிர்பார்த்திருப்போம். வாசித்துவிட்டால் மறுநாள் பெரட்டில் அதே பேச்சு!

இன்றோ அரசாங்கத்தின் மின்னல் எஃப்.எம். இருக்கிறது, தனியார் வானொலியான ராகாவும் இருக்கிறது. கைப்பேசியில் ஆர்.டி.எம். கிளிக், சியோக் வழியாகவும் கேட்கலாம். இவ்வளவு இருந்தும் நம் பெரியவர்கள், "எங்களுக்குப் பாட்டில்லை" என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. 1992-ல் வந்த 'ரோஜா'வே இளைஞருக்குப் பழைய பாட்டாகிவிட்டது. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது வாலிபராக இருந்தவருக்கு இன்று 70 வயது. 80 வயதுக்காரரைக் கேட்டால் அதையே புதுப்பாட்டு என்பார்! அவருக்கு வேண்டியவர்கள் டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும்.

இணையத்தில் எல்லாம் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும், தேடத் தெரிந்தவருக்கு. பால் வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்த விரலுக்குத் தொடுதிரை எளிதில் பணிவதில்லை. செலவும் உண்டு. இணையம் வழியே ஒரு மணி நேரம் கேட்டால் ஏறக்குறைய 30 முதல் 60 மெகாபைட் வரை தீர்ந்துபோகும். எஃப்.எம். பெட்டிக்கோ ஒரு காசும் வேண்டாம். சில கைப்பேசிகளிலும் எஃப்.எம். உண்டு, ஆனால் காதுக்கருவியின் கம்பியைச் சொருகினால்தான் எடுக்கும், அதுதான் அதற்கு ஏரியல்.

இந்தியாவில் சரிகம நிறுவனம் 2017-ல் 'காரவான்' என்றொரு பெட்டியைக் கொண்டுவந்தது. பார்வைக்குப் பழைய டிரான்சிஸ்டர், உள்ளே 5,000 பழைய பாடல்கள், இணையம் தேவையில்லை. தமிழிலும் வந்தது. பெரியவர்களுக்கு வேண்டியது திருகும் குமிழ் என்பதை வியாபாரி கண்டுகொண்டான். வீட்டில் கூடவே இருக்கும் நாம் கண்டுகொள்ளவில்லை.

நீலாய், லாபு பக்கம் தோட்டங்கள் வீடமைப்புக்குப் போய், லயத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடியேறியவர்கள் நம்மில் பலர். அங்கே சுவருக்கு அப்பால் யாரோ. ஒலியைக் குறைத்துவைத்துத் தனியாகக் கேட்கிறார்கள்.

ஆகவே, கூட்டம் முடிந்ததும் கைப்பேசி வைத்திருப்பவர்கள் மேசைக்கு வாருங்கள். நம் பிள்ளைகள் வானொலியை முதல் பக்கத்திலேயே பெரிதாக வைத்துத் தருவார்கள். பாட்டுக் கேட்டு நிலையத்துக்கு எழுதவும் உதவுவார்கள். எழுதும்போது உங்கள் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரையும் போடச் சொல்லுங்கள், அந்தத் தோட்டம் இன்று இல்லாவிட்டாலும் சரி.