நர்சம்மா கேட்க வேண்டிய கேள்விகள்
(கும்மிடிப்பூண்டியில் பேசியதன் எழுத்து வடிவம்)



மனநோய்னா நமக்குக் கீழ்ப்பாக்கம் ஞாபகம் வருது, சங்கிலின்னா ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் கிடைத்திருந்தால் அவங்க ஏன் அங்கே போகப் போறாங்க?

பக்கத்திலேயே வைத்தியம் என்பது நடக்கிற காரியம்தான். 1980களில் பெல்லாரி மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்து பெங்களூர் நிமான்ஸ் அதை நிரூபித்தது. அதைப் பார்த்துத்தான் 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. முதலில் எடுத்த நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. அரசு மருத்துவ அலுவலர்கள் எல்லாருக்கும் மனநலப் பயிற்சி தரணும்னு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லுது. சிகிச்சையில் சாதி பார்க்கக் கூடாதுன்னும் சொல்லுது.

சரி, அந்தப் பயிற்சியில் என்ன இருக்கணும்? அதுதான் நம்ம கேள்வி.

சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி, சூளையில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட இருளர் குடும்பம், இலங்கைத் தமிழர் முகாமில் வயதான அம்மா. இவங்க யாரும் "எனக்கு மனச்சோர்வு"ன்னு வரமாட்டாங்க. "தூக்கமில்ல, நெஞ்சு படபடங்குது, உடம்பு எரியுது"ம்பாங்க. ஒரு ஊசி போட்டு அனுப்பிடுவாங்க. குடிக்கிறவன்னா திட்டும் சேர்த்து.

நர்சம்மா அடுத்த கேள்வி கேட்கணும். எத்தனை நாளா? சாகணும்னு தோணுதா? கேட்டால் அந்த எண்ணம் வந்துடாது. கேட்டால்தான் பாரம் இறங்கும். வேலையிடத்தில் சாதி சொல்லித் திட்டுறாங்களா? முன்பணம் எவ்வளவு பாக்கி?

மாத்திரை வேணாம்னு நான் சொல்லலை. காதில் குரல் கேட்கிற பிள்ளைக்கு மாத்திரை வேணும், விடாமல் வேணும். ஆனால் அவமானத்தை வெறும் நோயாக எழுதிவிட்டால், அவமானப்படுத்தினவன் தப்பிச்சுக்குவான். அதனால் 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பயிற்சிப் பாடத்தில் இருக்கணும். யாரை எந்த அலுவலகத்துக்கு அனுப்பணும்னு ஊழியருக்குத் தெரியணும்.

இன்னொன்று. டாக்டர் படிப்பில்லாத உள்ளூர்க்காரங்களும் பயிற்சி பெற்றால் மனச்சோர்வுக்கு ஆலோசனை தர முடியும். கோவா அரசு சுகாதார நிலையங்களில் நடந்த மானஸ் ஆய்வு 2010இல் இதைக் காட்டியது. அப்படின்னா நம்ம சேரிப் பெண்களுக்கும், இருளர் பெண்களுக்கும் பயிற்சி கொடு. சேவைன்னு சொல்லி ஏமாத்தாதே, சம்பளம் கொடு. பயிற்சியை நட்சத்திர ஓட்டலில் வைக்காதே, காலனியில் வந்து நடத்து.

நாளைக்கே உங்க ஊர் சுகாதார நிலையத்துக்குப் போங்க. டாக்டருக்கு மனநலப் பயிற்சி கொடுத்தாச்சா, மனநல மாத்திரை இருப்பு இருக்கான்னு கேளுங்க. பதிலை எழுத்தில் வாங்குங்க.