தீவுப் பயணமும் புள்ளிக் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. ஆயினும், மெட்ரிக்குலேஷன் அளவில் படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கும் என் போன்றோர்க்குக் கணக்கே இலக்கியம். ஆகவே, நம் இல்லங்களைத் தொடும் ஒரு கணக்கைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றேன்.

"இந்தக் கிரெடிட் கார்டை வாங்குங்கள், செலவு செய்யுந்தோறும் புள்ளிகள் சேரும், அப்புள்ளிகளைக் கொண்டு குடும்பத்துடன் தீவுக்குப் பறந்து, ராஜபோகமாக விடுமுறை கழிக்கலாம்" என்று நம்மில் பலருக்குத் தொலைபேசி அழைப்பு வருகின்றது. பிள்ளைகளும் அதைக் கேட்டுக் கடலும் மணலும் கனாக் காண்கின்றனர். இது மெய்யா, பொய்யா? மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், புள்ளி என்பது யாது? 1981ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்னும் விமானக் கம்பெனி, தன்னிடம் அடிக்கடி பயணஞ் செய்வோரைப் பிறர்பால் போகவிடாது நிறுத்திக்கொள்ள, பறந்த தூரத்திற்கேற்ப இலவசப் பயணம் தரும் திட்டம் ஒன்றை வகுத்தது. நம் நாட்டில் 1994இல் ஏர் இந்தியா இத்தகைய திட்டத்தைத் தொடங்கிற்று; அது 2025இல் 'மகாராஜா கிளப்' எனப் பெயர் மாறியுள்ளது. இண்டிகோ கம்பெனியும் 2024இல் தன் திட்டத்தைத் தொடங்கியது. வங்கிகளும் இவ்வழியில் இறங்கின. நாம் கடையில் கார்டைக் கொடுக்கும்போது கடைக்காரர் வங்கிக்கு ஒரு கட்டணம் செலுத்துகின்றார். அதில் ஒரு சிறு பங்கே புள்ளியாக நம்மிடம் வருகின்றது. ஆகவே புள்ளி தானமன்று, பரிசுமன்று, நம் பணத்திலிருந்தே நமக்குத் திரும்பும் கழிவு.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு விமான டிக்கெட்டின் விலை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதனைப் புள்ளி கொடுத்து வாங்கின், 10,000 புள்ளிகளும் வரி முதலியவற்றிற்காக 1,000 ரூபாயும் கேட்கின்றனர் என்க. அப்படியாயின் 10,000 புள்ளிகள் நமக்கு மிச்சப்படுத்துவது 5,000 ரூபாய். ஒரு புள்ளியின் மதிப்பு 50 காசு. இந்த வகுத்தலைச் செய்யாமல் எக்கார்டையும் வாங்கலாகாது.

மாதம் 15,000 ரூபாயைக் கார்டின் வழியே செலவிடும் குடும்பம் ஒன்று. நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி என்றால் ஆண்டிற்கு 1,800 புள்ளிகள்; மதிப்பு 900 ரூபாய். கார்டின் ஆண்டுக் கட்டணம் 500 ரூபாயெனின், எஞ்சுவது 400 ரூபாய். ஒரே ஒரு டிக்கெட்டுக்குரிய 10,000 புள்ளிகள் சேர ஐந்தரை ஆண்டுகள் செல்லும். பல கார்டுகளிலோ இரண்டு மூன்று ஆண்டுகளில் புள்ளிகள் காலாவதியாகி விடுகின்றன.

மற்றொரு கணக்கும் உண்டு. அக்குடும்பம் ஒரு மாதத்துப் பாக்கியான 15,000 ரூபாயைச் செலுத்தாமல் அடுத்த மாதத்திற்குத் தள்ளிவிடுகின்றது என்று கொள்வோம். கார்டுகளின் வட்டி மாதத்திற்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாய் அளவில் இருக்கின்றது. ஒரு மாத வட்டியே 525 ரூபாய், வரி வேறு. ஓராண்டு முழுதும் சேர்த்த ஆதாயத்தை ஒரே மாதம் விழுங்கிவிட்டதன்றோ? ஆகவே, பாக்கி முழுவதையும் தவணை நாளுக்குள் தீர்க்க இயலாதவர்க்குப் புள்ளி என்பது ஆசை காட்டும் தூண்டிலேயாகும். விரலுக்குத் தக்க வீக்கம் என்னும் முதுமொழியை மறவாதீர்.

புள்ளிகளைச் சேர்த்துப் பூட்டி வைப்பதும் அறிவன்று. கிங்பிஷர் விமானங்கள் 2012இல் நின்றன. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. விமானமே பறவாதபோது அதன் இலவச டிக்கெட் எங்ஙனம் பறக்கும்? வங்கியிலிட்ட பணத்திற்கு வட்டி உண்டு. புள்ளிக்கோ வட்டி இல்லை, அதன் மதிப்பைக் குறைக்கும் உரிமையும் கொடுத்தவனிடமே உள்ளது. சேர்ந்தவுடன் செலவிடுவதே நன்று.

அங்ஙனமாயின் நம் போன்றோர்க்குத் தீவுப் பயணம் எட்டாக் கனியோ? அன்று. மாலத்தீவும் மொரிஷியசும் ஒருபுறம் இருக்க, நம் அந்தமான் தீவுகள் கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. விமானத்தில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று அதிகம். கப்பலில் மூன்று நான்கு நாட்கள்.

மத்திய அரசு ஊழியர்க்கு இங்குப் பெரியதொரு வசதி உண்டு. சாதாரணமாக விமானத்தில் செல்லும் தகுதி இல்லாதவரும், எல்.டி.சி. சலுகையில் கொல்கத்தாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ அந்தமானுக்கு விமானத்தில் செல்லலாம். 2024இல் நீட்டிக்கப்பட்ட இவ்விசேஷச் சலுகை 2026 செப்டம்பர் 25 வரைக்குமானது. ரயில்வே ஊழியரும் அரசு உத்தரவின்படி, பயண ஆண்டுக்குரிய பாஸைத் துறந்து, நான்காண்டுத் தொகுதியில் ஒருமுறை அகில இந்திய எல்.டி.சி. பெறலாம். நுணுக்கங்களைத் தத்தம் அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே டிக்கெட் வாங்குக.

இங்கே ஒரு நேர்மை விஷயம். அலுவலகச் செலவில் பயணம் செய்து பெற்ற புள்ளிகளை அலுவலகப் பயணத்திற்கே பயன்படுத்த வேண்டும் என்பது அரசின் விதி. புள்ளி கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கு, கையிலிருந்து பணம் சென்றதாகக் காட்டி அரசிடம் பணம் கோருவதும் முறையன்று. பிள்ளைகளை மகிழ்விக்கச் செல்லும் பயணம் பொய்க் கணக்கில் தொடங்கலாமோ?

அரசுப் பணியில் இல்லாதவர்க்கும் ஒரு யோசனை. நாம் ஆண்டுதோறும் ஹௌராவிலிருந்து சென்னைக்கு ரயிலேறி ஊர் செல்கின்றோம். ஓராண்டு மட்டும், கொல்கத்தாவிலிருந்து அந்தமான், அங்கிருந்து சென்னை, பிறகு நம் ஊர் என்று போகலாகாதா? ஊர்ப் பயணமும் ஆயிற்று, தீவும் கண்டாயிற்று. ஒருவழி விமானத்திற்குப் புள்ளிகள் உதவட்டும். மற்றச் செலவிற்கு, மாதம் 1,000 ரூபாய் வீதம் வங்கியில் தொடர் வைப்பாக இட்டால் இரண்டாண்டில் 24,000 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும். ராஜபோகம் வேண்டுமெனின், சேர்த்த புள்ளிகளால் நல்ல ஹோட்டலில் ஓர் இரவு தங்கி, ஏனைய நாட்களை எளிய விடுதியில் கழிக்கலாம். மழைக்காலத்தில் விலை மலிவே. ஆனால் கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கிடையே படகுகள் நின்றுவிடும் என்பதை நினைவிற்கொள்க.

அங்கே நாம் அந்நியராகவும் இருக்கமாட்டோம். நாட்டுப் பிரிவினையின்பின் கிழக்கு வங்காளத்தினின்று வந்தோர் நம் ஜாதவ்பூரின் விஜயகட் காலனியில் குடியேறினர். அவர்களைப் போன்ற அகதிக் குடும்பங்கள் பல 1949 முதல் அந்தமானில் குடியமர்த்தப்பட்டன. வங்காள மொழியும் தமிழும் அங்கு நன்கு வழங்குகின்றன. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற போர்ட் பிளேரில், பாரீந்திர கோஷ் முதலிய வீரர்கள் வாடிய செல்லுலார் சிறை நிற்கின்றது. ராதாநகர்க் கடற்கரையின் வெண்மணலைக் காணுமுன், அச்சிறையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சுருங்கக் கூறின், சேமிப்பே தேர். புள்ளி அதற்கு இடும் எண்ணெய். எண்ணெய் மாத்திரம் இருந்தால் தேர் ஓடாது. தேரில்லாதவன் எண்ணெய்க்காகக் கடன்படுவானாகில், அவன் வீடு சேர்வதே அரிது. அளந்து செலவிட்டு, அவ்வப்போதே கடன் தீர்த்து, குடும்பத்துடன் கடல் கடந்து களித்து வருவீர்களாக!