புதுக்கோட்டைக்கு 36 பைட்: வேகமா, பாதுகாப்பா?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

நான் புதுக்கோட்டைக்காரன். எங்க ஊர்ப் பெயரே என் சி நிரலை எப்படி உடைச்சதுன்னு இன்னைக்குச் சொல்றேன்.

முகவரி லேபிள் அச்சிடுற வேலை. ஒவ்வொரு பதிவிலும் ஊர்ப் பெயருக்கு 32 பைட். அதுக்கு அடுத்த ஃபீல்டு, லேபிள்ல வரவே கூடாத கைபேசி எண். உள்ளே வர்ற உரை சரியான யுடிஎஃப்-8 தானா, இடத்துக்குள்ள அடங்குதான்னு முதல்ல ஒரு சரிபார்ப்பு வெச்சிருந்தேன். லட்சக்கணக்கான பதிவு ஓடும்போது வேகம் பத்தலை. சரிபார்ப்பைத் தூக்கிட்டு, சி மொழியின் ஸ்டிரிங்-என்-காப்பியை மட்டும் வெச்சேன். திருமயம், அறந்தாங்கி போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியா வந்தது.

புதுக்கோட்டை வந்தப்போ, 'புதுக்கோட்', அப்புறம் ஒரு கேள்விக்குறிக் கட்டம், அதை ஒட்டிக்கிட்டு அந்த ஆளோட கைபேசி எண்! கண்டுபிடிக்கிறதுக்குள்ள சில லேபிள் தபாலுக்கே போயிடுச்சு.

யுடிஎஃப்-8ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட். 'து'ன்னா இரண்டு குறியீடு: த, உகரக் குறி. அறந்தாங்கிக்கு 10 குறியீடு, 30 பைட், அடங்கிடுச்சு. புதுக்கோட்டைக்கு 12, அதாவது 36 பைட். 32ல் வெட்டினா பதினோராவது குறியீடு பாதியில் அறுபடும். அதோட, இடம் நிரம்பிட்டா ஸ்டிரிங்-என்-காப்பி கடைசிப் பூஜ்ய பைட்டைப் போடாது. படிக்கிற நிரல் நிக்காம அடுத்த ஃபீல்டுக்குள்ள போயிடும். 2014ல் வெளிவந்த ஹார்ட்பிளீடும் இதே குடும்பம்தான்: எதிர்ப்பக்கம் சொன்ன நீளத்தை ஓப்பன்எஸ்எஸ்எல் சரிபார்க்காம நம்பி, நினைவகத்தில் பக்கத்துல இருந்ததையும் சேர்த்துக் கொடுத்தது.

வருத்தம் என்னன்னா, தாமதத்துக்குக் காரணம் சரிபார்ப்பே இல்லை. பிறகுதான் அளந்து பார்த்தேன். ஒவ்வொரு பதிவையும் தனித்தனியா டிஸ்க்கில் எழுதினதுதான் நேரத்தைத் தின்னுச்சு. பைட்டுக்கு ஒரு கட்டளைகூட ஆகாம யுடிஎஃப்-8ஐச் சரிபார்க்கலாம்னு டேனியல் லெமியரும் ஜான் கைசரும் காட்டியிருக்காங்க.

இப்போ என் வழக்கம் இது: தரவு நுழையிற வாசல்ல ஒரு தடவை முழுசா சரிபார்க்கணும், உள்ளே திரும்பத் திரும்ப வேண்டாம். ரஸ்ட் மொழியின் ஸ்டிரிங்கும் அப்படித்தான். சரிபார்க்காம உருவாக்கணும்னா 'அன்சேஃப்'னு நீங்களே எழுதிக் கொடுக்கணும்.

வெட்டித்தான் ஆகணும்னா, வெட்டுற இடத்துப் பைட்டின் முதல் இரண்டு பிட் 10ஆ இருந்தா அது குறியீட்டோட நடு, பின்னாடி வாங்க. தமிழுக்கு அதிகபட்சம் இரண்டு அடி. ஆனா 'புதுக்கோட்' செல்லுபடியான யுடிஎஃப்-8தான், ஊர் இல்லையே! அதனால ஃபீல்டைப் பெரிசாக்கிட்டேன். அதையும் மீறினா வெட்டாம, பிழைன்னு பதிவை நிறுத்திடும்.

உங்க நிரலையும் ஒரு தடவை உங்க ஊர்ப் பெயரைத் தமிழ்ல கொடுத்துச் சோதிச்சுப் பாருங்க.