தலைமாட்டுல ஒரு சக்கரை டப்பா

மைக் புடிச்சுப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கடன், வசூல் பத்தி எல்லாம் பேசிட்டாங்க. நான் எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன்.

எங்க மாமியாருக்கு ஒன்பது வருஷமா சுகர். போன கார்த்திகையில கிருத்திகை விரதம்னு ராத்திரி வெறும் பால் குடிச்சிட்டுப் படுத்துட்டாங்க. மாத்திரையை மட்டும் வழக்கம்போல போட்டுட்டாங்க. நானும் "மாத்திரை போட்டீங்களா அத்தை"னு கேட்டேனே தவிர, "சாப்டீங்களா"னு கேக்கலை. அந்தத் தப்பு என்னுடையது.

வீட்டுக்காரர் சிப்காட்ல நைட் ஷிப்ட். ராத்திரி ரெண்டு மணிக்கு அத்தை செத்துப்போன அண்ணன் பேரைச் சொல்லி முனகுறாங்க. அந்தப் பனியிலயும் தலையணை தொப்பலா நனைஞ்சிருக்கு, கை ஜில்லுனு இருக்கு. காத்து கருப்புனு நினைச்சு விபூதி எடுத்துட்டேன். அதுக்குள்ள என் பொண்ணு ஓடிப்போய் மூணாவது வீட்டு அக்காவைக் கூட்டிட்டு வந்துட்டா. நம்ம குழு அக்காதான், மக்களைத் தேடி மருத்துவத்துல வேலை பார்க்கிறவங்க. 2021 ஆகஸ்ட்ல அந்தத் திட்டம் வந்த பிறகுதானே நம்ம பொம்பளைங்களே வீடு வீடா போய் சுகர் பார்க்க ஆரம்பிச்சாங்க!

"விபூதி அப்புறம் பூசு, சக்கரை எடு"ன்னாங்க. மெஷின்ல 46. 70க்குக் கீழ போனாலே லோ சுகராம். மூணு ஸ்பூன் சக்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுத்தா, அத்தை "எனக்குச் சுகர், சக்கரை வேணாம்"னு தள்ளுறாங்க! கெஞ்சிக் குடிக்க வெச்சோம். கால் மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 74. அப்புறம் ரெண்டு இட்லி. மறுபடி இறங்கலாம்னு விடியுற வரைக்கும் முழிச்சிருந்து பார்த்தோம்.

அத்தை போடுற மாதிரி சில மாத்திரைங்க, நாம சாப்பிட்டாலும் சாப்பிடலைன்னாலும் உடம்புல இன்சுலினைச் சுரக்க வைக்குமாம். இன்சுலின் ஊசி போடுறவங்களுக்கும் இதே பயம் உண்டு. பகல்ல பசி, நடுக்கம்னு தெரிஞ்சிடும். தூக்கத்துல வேர்வை, கெட்ட கனவு, உளறல். காலையில தலைவலி, அவ்வளவுதான். நினைவு இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, புரை ஏறிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்குப் போன் பண்ணுங்க.

மறுநாள் டாக்டர் ராத்திரி மாத்திரையைக் குறைச்சாரு. பயந்துக்கிட்டு நாமளா நிறுத்தக் கூடாதுன்னும், விரதம்னா முன்னாடியே வந்து கேக்கணும்னும் சொன்னாரு.

நம்ம பக்கம் பாதி வீட்டுல ஆம்பளைங்க ராத்திரியில இருக்கிறதில்லை. அதனால பிள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க. அத்தை தலைமாட்டுல இப்போ ஒரு சக்கரை டப்பா இருக்கு. எறும்பு வருதுனு தினமும் திட்டுறாங்க. நான் எடுக்கலை.