பெண்மக்களுக்குக் கோடை முகாம்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



போடிமெட்டு நமக்குப் புதிய இடமன்று. விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் உழைத்து, அந்தியில் இறங்கும் தாய்மார் பலர் இவ்வரங்கிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். ஏலச்செடியின் சரம் தூரடியிலிருந்து கிளம்பித் தரையோடு படர்வது. ஆகையால் காய் எடுப்பவர் பகல் முழுவதும் குனிந்தே இருத்தல் வேண்டும். ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில், வெளியூரார் பணம் செலவழித்து வந்து காணும் மலைக்காட்சியை, அங்கேயே வேலை செய்யும் நம் பெண்கள் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. (கங்காணியும் விடமாட்டார், அது வேறு கதை.)

ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு தை, மாசியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பிறகு பள்ளிக்கும் கோடை விடுமுறை வருகிறது. ஆண் பிள்ளைகள் கிணற்றில் நீந்தப் பழகுகிறார்கள். பெண் பிள்ளைகளோ அடுப்படியைக் காக்கிறார்கள். இல்லையேல் கிடைத்த கூலிவேலைக்குச் செல்கிறார்கள். விடுமுறையில் கூலி கண்ட கை ஜூன் மாதத்தில் புத்தகத்துக்குத் திரும்பத் தயங்குவதை ஆசிரியர்கள் அறிவார்கள். எனவே, மே மாதத்தில் நம் பெண்மக்களுக்கு மெட்டில் ஐந்து நாள் திறந்தவெளி முகாம் நடத்த வேண்டுமென்று இச்சங்கத்தை வேண்டுகிறோம்.

இதெல்லாம் வசதி படைத்தோர்க்கு உரியது என்பாருண்டு. 2014 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற மாலாவத் பூர்ணா, பழங்குடி விவசாயக் கூலிகளின் மகள். அப்போது வயது பதின்மூன்று. உடன் ஏறிய ஆனந்தகுமார் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. இருவரும் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் சமூகநல உறைவிடப் பள்ளி மாணவர்கள். அவர்களுடைய முதற்பாடம் புவனகிரிப் பாறைக்குன்றில் நடந்தது. இமயமலைப் பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தாய்மார்கள் குரங்கணியை நினைத்து அஞ்சுகிறீர்கள். அஞ்சுவது நியாயமே. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, 23 பேர் மாண்டனர். அக்குழுக்களில் பெண்களே மிகுதி. மலைச்சரிவில் முதலில் ஓடிச்சென்று உதவியவர்கள் அவ்வூர் மக்கள். அவ்வாண்டிலேயே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. புல் காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில் மலைச்சரிவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லவே கூடாது. கோடை மழை பெய்து மண் நனைந்த பின்னரே முகாம். வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி இன்றி ஓர் அடியும் வைக்கலாகாது. இரவுத் தங்கல் சாலையோரக் கட்டடத்தில், காட்டுக்குள் அன்று. வழிகாட்டத் தோட்டத் தாய்மார் இருவரைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். எந்தச் சரிவில் யானை இறங்கும், எங்கே அட்டை கடிக்கும், மூடுபனியில் எந்தத் தடம் ஏமாற்றும் என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் யார்? தம் தாயே ஆசிரியையாக நடந்து வருவதைப் பிள்ளைகள் காணட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல சமூகத்தார் கூடிய ஒரு முகாமில், சமையற்கட்டுக்குப் பிற பிள்ளைகளையும் கழிப்பிடம் கழுவ நம் பிள்ளைகளையும் பிரித்து அனுப்பியதைக் கண்டிருக்கிறோம். நம் முகாமுக்கும் எல்லாச் சமூகத்துப் பெண்களும் வரட்டும். ஆனால் வேலை முறை, ஆசிரியைகள் உட்பட, சீட்டுக் குலுக்கியே தீர்மானிக்கப்பட வேண்டும். எல்லார்க்கும் ஒரே பானைச் சோறு.

போர்வை, கால் மூடும் செருப்பு, மாதவிலக்கு நாட்களுக்கு வேண்டுவன ஆகியவற்றைச் சங்கமே தருதல் வேண்டும். நன்கொடையாளர் பலர் மேடைப் பந்தலுக்குத் தாராளமாய்த் தந்தீர்கள், இதற்கும் தாருங்கள். கூலிக்குப் போகும் பிள்ளையின் வீட்டுக்கு அந்த ஐந்து நாள் கூலியையும் கணக்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். கொடாவிடில் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் மட்டுமே வருவார்கள். யாருக்காக முகாம் நடத்துகிறோமோ அந்தப் பிள்ளை அன்றும் வேலைக்குத்தான் போவாள்.